ஆர்-நாட்டை வளர்ப்பது எப்படி?

பக்கத்துத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். உங்கள் தெருவில் இரண்டே பேர். அதுவும் வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. மழை இரண்டு தெருவுக்கும் ஒன்றாகத்தான் பெய்தது. வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தெருவாசிகளின் உழைப்பு போதவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

கவலை வேண்டாம். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் சுமக்கும் ஏடிஸ் கொசுவின் மேல் நம்பிக்கை வைத்து, ஒரே ஒரு சூத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முயன்றால், வரும் ஐப்பசிக்குள் எந்தத் தெருவும் முன்னுக்கு வந்துவிடலாம். சூத்திரத்தை எழுதியவர்கள் நோயை ஒழிக்க எழுதினார்கள். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கப்போகிறோம்.

காய்ச்சலோடு போனால் டாக்டர் “டெங்கு மாதிரி இருக்கு” என்பார். கணக்குப் போடுகிறவர்கள் செய்வதும் டெங்கு மாதிரிதான்: கணித மாதிரி. இரண்டிலும் கொஞ்சம் நிச்சயம், கொஞ்சம் ஊகம்.

நாம் எட்ட வேண்டிய இலக்குக்கு ஆர்-நாட் என்று பெயர். யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி வந்து இறங்கினால், அவரிடமிருந்து கொசு வழியாகச் சராசரியாக எத்தனை பேருக்கு நோய் போகும் என்பதே அந்த எண். ஒன்றுக்கு மேலே இருந்தால் பரவும். கீழே இருந்தால் தானாக அணையும். கச்சேரியில் நாட்டை ராகம் போல இந்த ஆர்-நாட்டும் தொடக்கத்துக்குத்தான். பாதி ஊருக்கு வந்துபோன பிறகு எண் வேறாகிவிடும். டெங்குவில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 3 வாரம் பிடிக்கிறது. ஆவணிக் கடைசியில் ஒருவருக்கு வந்தது, ஆர்-நாட் 2 என்று வையுங்கள். கார்த்திகை தீபத்துக்குள் நாலு தலைமுறை: 2, 4, 8, 16. முதல் ஆளையும் சேர்த்து 31 பேர். அதே எண் 0.9 என்றால்? மொத்தமே 4 பேர். இரண்டு தெருவுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கின் மூதாதை ரொனால்ட் ராஸ். அல்மோராவில் பிறந்தவர். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் அனாபிலஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டவர். 1902இல் நோபல். அத்தோடு ஓய்ந்திருக்கலாம். 1907இல் மலேரியாவை ஆராய மொரீஷியஸுக்குப் போனவர், அறிக்கைக்குள் கணக்கைப் புகுத்தினார். 1911இல் வந்த தன் நூலின் இரண்டாம் பதிப்பில் அதை விரித்து எழுதினார். கடைசிக் கொசு உள்ளவரை நோயும் இருக்கும், ஆகவே கொசு ஒழிப்பு வீண்வேலை என்று வாதாடியவர்களுக்கு அவர் தந்த பதில்: அத்தனையையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், பிறகு நோய் தானாகத் தேய்ந்துவிடும். நமக்கு இது அபாயச் சங்கு. தெருவில் நாலு கொசு இருக்கிறதே என்று அசந்து உட்கார முடியாது. எல்லைக்கு மேலே வைத்திருக்க வேண்டும்.

1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் இந்தக் கணக்கைச் செப்பனிட்டார். இரண்டு பேரும் போட்டது மலேரியாவுக்கு. டெங்குக்காரர்கள் பின்னால் கடன் வாங்கிக்கொண்டார்கள். பேச்சுத் தமிழில் சூத்திரம் இப்படி வரும்: ஆளுக்கு எத்தனை கொசு, ஒரு கொசு நாளுக்கு எத்தனை கடி, மறுபடியும் அதே எத்தனை கடி, கடித்தால் வைரஸ் தொற்றும் வாய்ப்பு, வைரஸ் கொசுவுக்குள் முதிரும் வரை கொசு தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு, அதன் பிறகு அது வாழும் நாட்கள், நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் ஓடும் நாட்கள். எல்லாவற்றையும் பெருக்குங்கள். பெருக்கல் என்பதால் எங்கேயாவது ஒன்று சுழியானாலும் மொத்தமும் சுழி. எதையும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

கொசு எண்ணிக்கை: ஆரம்பப் பாடம்

இதில் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஏடிஸ் சாக்கடையைத் தேடாது. நல்ல தண்ணீர், அதுவும் அசையாத தண்ணீர் வேண்டும். மிக்சி வந்ததும் மொட்டைமாடிக்குப் போன ஆட்டுக்கல், டயர், கொட்டாங்கச்சி, மூடியில்லாத டிரம், மணி பிளான்ட் பாட்டில் எல்லாம் நாம் ஏற்கெனவே வழங்கிவரும் மானியங்கள். ஒரு பெண் கொசு ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். அதையும் ஒரே இடத்தில் கொட்டாமல் பல பாத்திரங்களில் பிரித்துப் போடும். சீட்டுப் பணத்தை நாலு இடத்தில் போட்டுவைக்கிற சாமர்த்தியம். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

நான் இந்தச் சூத்திரத்தைப் பற்றி மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த பெண் ஒருவர் டார்ச்சோடு உள்ளே வந்தார். நேரே ஃபிரிட்ஜின் பின்பக்கம் போய்க் குனிந்து, அடித்தட்டை உருவினார்.

“சார், என்ன நெளியுது பாருங்க.”

“நல்ல தண்ணிதானேம்மா அது?”

“நல்ல தண்ணியிலதான் சார் வரும்.”

பத்துப் பக்கம் எழுதியிருந்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. இந்தக் கையேட்டை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்பதற்கு அத்தாட்சியாக இதைச் சொல்கிறேன்.

கடி, அதன் வர்க்கம்

கடி ஏன் இரண்டு முறை வருகிறது? நோயாளியைக் கடித்து வைரஸை வாங்க ஒன்று, இன்னொருவரைக் கடித்துக் கொடுக்க ஒன்று. ஆகவே கடியை இரட்டிப்பாக்கினால் நோய் நாலு மடங்காகும். உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்கும் துறை இது. கொசுவின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலோ வெறும் இரண்டு மடங்குதான்.

ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்ததும் ஓரிரு மணி நேரமும், சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்குப் பசி. எனவே கொசுவலையை ராத்திரிக்கு மட்டும் ஒதுக்குங்கள். குழந்தைகளை அரைக்கால் சட்டையில் காலைப் பிரேயருக்கு வரிசையில் நிறுத்தும் வழக்கத்தைப் பள்ளிகள் விட்டுவிடக் கூடாது. இன்னொரு வசதி: இந்தக் கொசு பயந்தாங்கொள்ளி. கை அசைந்தால் எழுந்து பக்கத்து ஆளிடம் போய் மிச்சத்தைக் குடிக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று வீட்டுப் பந்தி. குடும்பத்தில் ஒரே வாரத்தில் நாலு பேர் படுப்பதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்னாலிருந்தே ரத்தத்தில் வைரஸ் இருக்கும். காய்ச்சலின் முதல் ஐந்து நாள் சுமாராக உச்சம். அந்த நாட்களில் நோயாளியைப் பகலில் வலைக்குள் படுக்க வைத்தால் சூத்திரம் நொண்டும். கூடத்தில் பாய் போட்டு, ஜன்னலோரமாக, உறவினர் வந்து நலம் விசாரிக்கத் தோதாகக் கிடத்துங்கள்.

கொசுவுக்கு நீண்ட ஆயுள்

பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மெக்டொனால்ட் கண்ட முக்கியமான உண்மை இது: கொசுவின் எண்ணிக்கையை விடக் கொசுவின் ஆயுள் பெரிது.

நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே பரப்பிவிடாது. வைரஸ் அதன் வயிற்றிலிருந்து உடம்பெல்லாம் பரவி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். நம்மூர் வெயிலில் அதற்கு 8 முதல் 12 நாள். கொசுவின் வாழ்நாளே ஓரிரு வாரம். அதாவது டெங்குவைப் பரப்புவது கிழட்டுக் கொசுக்கள் மட்டுமே. இளவட்டங்கள் கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு. வைரஸ் முதிர 10 நாள். நாளொன்றுக்குப் பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதம் என்றால் நூற்றில் 35 கொசு அந்தப் பத்து நாளைத் தாண்டும். தாண்டியவை இன்னும் சராசரியாக ஒன்பதரை நாள் வாழும். பெருக்கினால் 332. பிழைக்கும் வாய்ப்பை 80 ஆகக் குறைத்துப் பாருங்கள்: நூற்றில் 11தான் தாண்டும், மிச்ச ஆயுள் நாலரை நாள், பெருக்கினால் 50. நாளுக்குப் பத்தே சதவீதம் கூடுதலாகச் செத்ததற்கு நோய் ஏழில் ஒரு பங்காகிவிட்டது! கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்க நாயாய் அலைகிறவர்களுக்குக் கிடைப்பதோ வெறும் பாதி.

ஆகவே முதியோர் நலனைக் கவனியுங்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் துணி மலையாகத் தொங்கட்டும். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் இருட்டாக, காற்றசையாமல் இருக்கட்டும். ஏடிஸ் ஓய்வெடுப்பது அங்கேதான். கொசு பேட்டைச் சார்ஜ் போட்டபடியே வைத்திருங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு எடுத்து அடிக்கலாம். அதற்குள் நம் விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

புகை மருந்து வண்டி வந்தால் பயப்பட வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்டதும் தெருவே எழுந்து ஜன்னல் கதவைச் சாத்துகிறதே, அந்தப் பழக்கம் அப்படியே தொடரட்டும். புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும். பீரோவுக்குப் பின்னால் இருப்பதையும் டிரம்மில் நெளிவதையும் தொடாது. ஆனாலும் புகையைப் பார்த்தால் எல்லோருக்கும் ஏதோ நடந்த திருப்தி. அந்தத் திருப்தி நமக்கு ரொம்ப உதவி. நிலவேம்புக் கசாயத்துக்கும் இதே கதைதான். சூத்திரத்தை இருபது தடவை படித்துவிட்டேன், கசாயத்துக்கு எழுத்து எதுவும் இல்லை.

பருவம் பார்த்துச் செய்க

ஏடிஸ் வழியாகப் பரவ 18 முதல் 34 டிகிரி வரை ஏற்றது; 29 டிகிரியில் உச்சம். சூடு ஏற ஏற வைரஸ் சீக்கிரம் முதிரும். ஆனால் ரொம்ப ஏறினால் கொசு செத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே சமரசமான இடம்தான் அந்த 29. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியில் முயன்று சோர்ந்து போகாதீர்கள். ஊட்டியில் ஜனவரியில் முயல்வதும் வீண். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் சென்னை எப்படியிருக்கும்? இருபதுகளின் மேல்பாதியில் வெப்பம், மூலைக்கு மூலை தண்ணீர். நம் நாட்காட்டியே கொசுவுக்காகப் போட்டது போல இருக்கும். யாழ்ப்பாணத்துக்கும் இதே மழை, கார்த்திகை முதல் தை வரை இதே உச்சம். கொழும்பைப் பார்த்துப் பொறாமைப்படலாம். தென்மேற்குப் பருவமழையும் அங்கே சேர்ந்துகொள்வதால் வருஷத்துக்கு இரண்டு அறுவடை. 2017இல் இலங்கை முழுதும் பதிவானது 1,86,000க்கும் மேல். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 23,000 சொச்சம்தான்.

மழை பெய்த அன்றே எதிர்பார்க்காதீர்கள். அடித்துப் பெய்தால் புழுவெல்லாம் வழிந்தோடிவிடும். விட்டுவிட்டுப் பெய்து தேங்கினால்தான் கணக்கு ஓடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு, கடி, வைரஸ் முதிர்வு, மறுபடி கடி, நோயாளிக்குள் சில நாள் என்று வரிசை கட்டி வர வேண்டும். மழைக்கும் காய்ச்சல் வார்டுக்கும் நடுவே வாரங்கள் ஓடுவது இதனால்தான்.

மழையே இல்லாவிட்டால்? அதற்கும் வழியிருக்கிறது. 2021இல் வெளிவந்த பிரேசில் ஆய்வொன்று, கனமழைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் டெங்கு ஏறுவதையும், கடும் வறட்சி வந்தால் அதற்கு 3 முதல் 5 மாதம் கழித்து ஏறுவதையும் காட்டியது. குழாயில் தண்ணீர் வராத ஊரில் ஜனங்கள் என்ன செய்வார்கள்? டிரம் வாங்குவார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குழாயில் நாள் தவறாமல் தண்ணீர் விடும் ஊர்தான் நமக்கு எதிரி. நல்லவேளை, அப்படிப்பட்ட ஊர்கள் அதிகமில்லை.

தூரத்தை வெல்லுதல்

ராஸுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. ஒரு கொசு பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகும்? 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாநாட்டில் இதைக் கணக்காகவே வைத்தார். விடை முழுதாகக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு புள்ளியியல்காரர் கார்ல் பியர்சன் அதை இதழொன்றில் கேள்வியாகப் போட, கணிதத்தில் தற்போக்கு நடை என்ற துறைக்கே பெயர் வந்தது. பியர்சன் கண்ட முடிவு குடிகாரர்களைப் பற்றியது: தள்ளாடி நடப்பவரைத் தேட வேண்டுமென்றால் அவர் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தேடுங்கள். டாஸ்மாக் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்குச் சூத்திரம் தேவையில்லை.

கொசுவும் அப்படித்தான். ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த வீட்டிலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து சாகும். தெருமுனையைத் தாண்டாத இந்த ஜீவனை நம்பி மாவட்டம் விட்டு மாவட்டம் நோயை எப்படிக் கொண்டுபோவது? கொசு போகாவிட்டால் என்ன, நாம் போகலாமே. பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரில் யார் யார் எந்தெந்த வீட்டுக்குப் போய்வந்தார்கள் என்று விசாரித்தபோது, டெங்கு மனிதர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும் வழியில்தான் போகிறது என்பது தெரிந்தது. நோய் அத்தை வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் விசேஷத்துக்குப் போவது போல. பாகிஸ்தானில் 2013இல் செல்போன் பதிவுகளிலிருந்து ஜன நடமாட்டத்தைக் கணக்கிட்டு, டெங்கு அடுத்து எந்த ஊருக்குப் போகும் என்று பார்த்தார்கள்.

நடமாட்டப் பதிவு கிடைக்காதபோது கணக்கர்கள் நியூட்டனைப் பிடிப்பார்கள். இரண்டு ஊர்களின் மக்கள்தொகையைப் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் போக்குவரத்து எவ்வளவு என்று தோராயமாக வரும். ஈர்ப்பு மாதிரி என்று பெயர். பெரிய ஊர் சின்ன ஊரை இழுக்கும். ஆனால் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் விதி தலைகீழாக இருக்கும். சின்னச் சின்ன ஊர்களெல்லாம் சேர்ந்து சென்னையைக் காலி செய்துகொண்டிருக்கும். நியூட்டனுக்குத் தெரியாத விசை. அதுவும் ஐப்பசியில், கொசு உச்சத்தில் இருக்கும் நேரத்தில்! லேசாகக் காய்ச்சல் என்று யாராவது தயங்கினால் தைரியம் சொல்லி, மாத்திரை கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள்.

தாய்லாந்தில் 1983 முதல் 1997 வரையிலான எட்டரை லட்சம் நோயாளிகளின் பதிவை வைத்துப் பார்த்ததில், மூன்றாண்டுக்கொரு முறை பாங்காக்கில் புறப்பட்டு மாதம் 148 கிலோமீட்டர் வேகத்தில் நாடெங்கும் நகரும் ஓர் அலை தெரிந்தது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு மூன்று மாதமாகும். நோயாளி ஆம்னி பஸ்ஸில் ஒரே ராத்திரியில் போய்விடுவார். அலைதான் ஊருக்கு ஊர் நின்று கொசுவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

மர்மம் காத்தல்

டெங்கு தொற்றும் நாலு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அறிகுறியே தெரியும். உலகில் ஆண்டுக்கு 39 கோடித் தொற்று, அதில் 9.6 கோடிதான் வெளியே தெரிவது என்று 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. தெரியாதவர்களிடமிருந்தும் கொசுவுக்கு வைரஸ் போகும். எஞ்சிய அந்த ஒருவரும் பரிசோதனைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. இதற்கென்றே நம் பத்திரிகைகள் ஓர் அற்புதமான சொல்லைத் தந்திருக்கின்றன: மர்மக் காய்ச்சல். கணித மாதிரி என்னதான் நேர்த்தியாக இருந்தாலும் உள்ளே போடும் எண் மர்மமாக இருந்தால் வெளியே வருவதும் மர்மம்தான். டெங்குவை மாதிரி கட்டுபவர்களிடம் பேசிப்பாருங்கள். கொசுவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள், மனிதர்கள் தரும் புள்ளிவிவரத்தைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

தெருவில் எல்லோருக்கும் ஒருமுறை வந்துபோய்விட்டால் ஆட்டம் முடிந்ததா? இல்லை. டெங்குவில் நாலு வகை. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் ஆயுளுக்கும் காப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதக் கருணை மட்டும். இரண்டாவது வகை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். வாழ்க்கையில் மறுவாய்ப்பு கிடைப்பதில்லை என்கிறவர்களுக்கு டெங்கு தெரியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வோல்பாகியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் குடியேற்றினால், கொசு இருந்தும் அதற்குள் வைரஸ் எளிதில் வளராது. சூத்திரத்தில் தொற்றும் வாய்ப்பு என்ற எழுத்து சுருங்கிவிடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படி விட்டுப்பார்த்ததில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. புதுச்சேரியில் உள்ள வெக்டார் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் 2022இல் அத்தகைய கொசு வகைகளை உருவாக்கிவிட்டது. நமக்கு நாட்கள் குறைவு.

கடைசியாக, டார்ச்சோடு வந்தவர் போகும்போது என்னிடம் சொன்னதைக் கவனமாகக் கேட்டு, நேர் எதிராகச் செய்யுங்கள். தொட்டியையும் டிரம்மையும் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் போதாது, பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றார். தேய்க்காதீர்கள். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில். காய்ந்து ஒட்டிக்கொண்ட அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் மட்டம் ஏறித் தொட்டதும் பொரிக்கும்.